பழகியது பெட்டியா? காதா?

பாட்டுக் கேட்கும் கருவிகளை வாங்குகின்ற மக்களிடையே ஒரு நம்பிக்கை பல வருஷ காலமாகப் பரவி வருகின்றது. அஃதாவது, புதிதாக வாங்கிய ஒலிபெருக்கியும், ஹெட்போனும், ஆம்பிளிபயரும், அவைகளை இணைக்கின்ற வெறுங் கம்பியுங்கூட முதல் நாளில் தங்கள் உண்மைக் குரலைக் காட்டமாட்டா என்றும், 100 மணி, 200 மணி, சில சாமான்களுக்கு 500 மணி நேரம் பாட்டை ஓடவிட்டுப் "பழக்கிய" பிறகுதான் கரகரப்பு நீங்கி, அடிக்குரல் இறங்கி, ஓசை இனிமைப்படும் என்றும் சொல்லப்படுகின்றது. அமெரிக்கா, இங்கிலாந்து, ஜப்பான் முதலிய தேசங்களில் இதற்குப் "பிரேக்-இன்" என்றும் "பர்ன்-இன்" என்றும் பெயர். பழக்குவதற்கென்றே இரைச்சல் நிறைந்த தனிப் பதிவுகள் விற்கப்படுகின்றன. கம்பியைப் பழக்குவதற்கென்றே தனி இயந்திரமும் விற்கப்படுகின்றது. இந்தச் சாமான்களைப் பற்றி மதிப்புரை எழுதுகிறவர்களில் பலர், "இத்தனை மணி நேரம் பழக்கிய பிறகே எழுதுகின்றேன்" என்று பிரமாணம் செய்துவிட்டுத்தான் பேனாவை எடுக்கின்றார்கள்.

இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு, இதில் நமக்கென்ன என்று சிலர் கேட்கக்கூடும். அது சரியல்ல. இன்றைய தினம் ஹெட்போன் இல்லாத வாலிபனைக் காண்பது அரிது. கல்யாணப் பந்தலிலும், டீக்கடையிலும், வீட்டுத் திண்ணையிலும் ஒலிபெருக்கி இருக்கின்றது. தையற்காரரும் அச்சுக்கோக்கிறவரும் மாதத் தவணை கட்டி இவைகளை வாங்குகின்றார்கள். அன்றியும், ஒரு மனிதன் எதைக் கொண்டு ஒன்றை உண்மையென்று நம்புகின்றான் என்கின்ற கேள்வி சாமானின் விலையைப் பொறுத்ததல்ல. நாலணா விஷயத்தில் ஏமாறுகின்ற புத்தியேதான் நாலாயிரம் ரூபாய் விஷயத்திலும் ஏமாறும்.

நமது நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்லுகின்றோம். அவர் மாதச் சம்பளக்காரர். 40,000 ரூபாய் தவணைக் கடனில் ஒரு ஜோடி ஒலிபெருக்கிப் பெட்டி வாங்கி வீட்டில் வைத்தார். கடையில் கேட்டபோது இனித்த ஓசை வீட்டில் கூச்சலாக இருந்தது. கடைக்காரரிடம் போய்ச் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே, "அண்ணே, இது புதுச் சாமான். 200 மணி நேரம் ஓடட்டும். அப்புறம் பாருங்கள்" என்றார். நண்பரும் நம்பி வந்துவிட்டார். மூன்று மாதத்திற்குப் பிறகு அவரைப் பார்த்தபோது, "இப்போது பரவாயில்லை, பழகிவிட்டது" என்றார். "பழகியது எது? பெட்டியா, உங்கள் காதா?" என்று கேட்டோம். அவர் நெடுநேரம் யோசித்து, "அது எனக்குத் தெரியாதே" என்றார். யோக்கியமான பதில் அது ஒன்றேதான். அந்தப் பதிலிலிருந்துதான் நாம் ஆராய்ச்சியைத் துவக்க வேண்டும்.

இதில் உள்ள வாஸ்தவம்

எதிரியின் பேச்சில் உண்மை இருந்தால் அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுவதுதான் பகுத்தறிவுக்காரனுக்கு அழகு. உலகத்தில் பழக வேண்டிய சாமான்கள் இருக்கத்தான் இருக்கின்றன. புதுத் தோசைக்கல்லில் முதல் தோசை ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் தடவிக் காய்ச்சிப் பழக்கினால் பிறகு சுலபமாக எடுக்க வரும். புது ஆட்டுக்கல்லில் முதலில் அரைத்தது கல்லும் மண்ணுமாக வரும். அதைக் கொட்டிவிட்டுத்தான் மாவாட்டுவார்கள். இவைகளை யாரும் மறுப்பதில்லை. ஏனெனில், தோசை வருகின்றதா இல்லையா, மாவில் மண் இருக்கின்றதா இல்லையா என்பதைப் பக்கத்து வீட்டுக்காரியும் பார்த்துச் சொல்ல முடியும்.

ஒலிபெருக்கியிலும் அப்படி ஒரு பாகம் உண்டு. காகிதத்தாலோ வேறு பொருளாலோ செய்த ஒரு கூம்பு. அதன் கழுத்தில் ஒரு கம்பிச் சுருள். சுருளைச் சுற்றி ஒரு காந்தம். கூம்பு முன்னும் பின்னும் அசைவதால்தான் ஓசை உண்டாகின்றது. அந்தக் கூம்பின் கழுத்தை நேராகப் பிடித்து நிறுத்துவதற்கு, பிசினில் தோய்த்து விறைப்பாக்கிய மடிப்பு மடிப்பான ஒரு துணி வளையம் இருக்கின்றது. புதிதில் அது விறைப்பாக இருக்கும். அசைய அசையக் கொஞ்சம் இளகும். இளகினால் கூம்பின் இயற்கையான அதிர்வு எண் சற்றுக் குறையும். இதை அளந்து பார்த்திருக்கின்றார்கள். நாமும் மறுக்கவில்லை.

ஆனால் இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, இந்த இளக்கத்தின் பெரும்பகுதி பலமாக அசைத்த முதல் சில நிமிஷங்களிலேயே நடந்துவிடுகின்றது. 200 மணி நேரம் காத்திருப்பதில்லை. ஓய்வு கொடுத்தால் அதில் ஒரு பங்கு மறுபடியும் விறைத்துக்கொள்வதும் உண்டு.

இரண்டாவது, கூம்பைத் தாங்குவது அந்தத் துணி மாத்திரமல்ல. மூடிய பெட்டிக்குள் அடைபட்டிருக்கின்ற காற்றும் ஒரு வில்லைப் போலவே கூம்பைத் தள்ளிப் பிடிக்கின்றது. உதாரணத்திற்கு ஒரு கணக்குப் போடுவோம். துணியின் விறைப்பை 1 என்றும், காற்றின் விறைப்பை 3 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 4. துணி 20 சதவிகிதம் இளகிவிட்டதென்றே கொள்ளுவோம். அப்போது மொத்தம் 3.8. அதிர்வு எண் விறைப்பின் வர்க்க மூலத்தைப் பொறுத்தது. ஆகவே வினாடிக்கு 50 ஆக இருந்த அதிர்வு 48.7 ஆகும். துணியில் 20 சதவிகிதம் மாறியது பெட்டியில் இரண்டரை சதவிகிதமாகச் சுருங்கிவிட்டது. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் என்பவர் 1961-ல் வெளியிட்டதும், ரிச்சர்ட் ஸ்மால் என்பவர் 1970-களில் விரித்ததுமான கணக்கு முறையைக் கொண்டு ஒலிபெருக்கி செய்கிறவர்கள் அனைவரும் இதைப் போட்டுப் பார்க்கலாம். நாற்காலியைச் சுவர்ப் பக்கமாக ஒரு முழம் நகர்த்தினால் அடிக்குரலில் இதைவிட அதிகமான மாறுதல் உண்டாகும்.

மூன்றாவது, இந்த மாறுதல் அடிக்குரலைச் சேர்ந்தது. பாடகியின் குரலில் இருந்த கூச்சல் போனதற்கும், வீணையின் தந்தி "மூச்சு விடுவதற்கும்" துணி இளகியதைக் காரணமாகக் காட்ட முடியாது.

இன்னும் சில வாஸ்தவங்களும் உண்டு. பாட்டுப் பலமாக ஓடும்போது செம்புச் சுருள் சூடேறும். ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் மின்தடை சுமார் 0.4 சதவிகிதம் ஏறும். ஆனால் ஆறினால் பழையபடி ஆகிவிடும். பல வருஷம் மூலையில் கிடந்த பழைய ரேடியோவின் கண்டென்சர்களுக்கு மெல்ல மெல்ல மின்சாரம் கொடுத்துச் சரிப்படுத்துவது ரிப்பேர்க்காரர் அறிந்த சங்கதி. ஹெட்போனில் காதை மூடும் மெத்தை நாளாவட்டத்தில் அமுங்கி, காதோடு நெருங்கி உட்காரும். அதனால் அடிக்குரல் மாறுவதுண்டு. ஆனால் அதே ஹெட்போனைக் கழற்றி மறுபடி ஒரு விரற்கடை தள்ளி மாட்டினாலும் மாறத்தான் செய்யும். இவைகளெல்லாம் காரணம் தெரிந்தவை, அளவு தெரிந்தவை. நாம் ஆட்சேபிப்பது, காரணமும் காட்டாமல், அளவும் காட்டாமல், "200 மணி" என்று மந்திரம் போல் ஓதுகின்ற பேச்சைத்தான்.

கம்பியும் பழகுமாம்!

துணி இளகும் என்றாவது சொல்லலாம். கம்பியில் இளகுவதற்கு என்ன இருக்கின்றது? செம்பின் உள்ளமைப்பை மாற்ற வேண்டுமானால் அதை நெருப்பில் பழுக்கக் காய்ச்ச வேண்டும் என்பது செம்புப் பாத்திரம் தட்டுகின்ற கன்னாருக்குத் தெரியும். பாட்டின் மின்சாரம் கம்பியை வெதுவெதுப்பாகக்கூட ஆக்குவதில்லை. மின்சாரம் ஓடி ஓடிக் கம்பியில் ஒரு "பாதை" உண்டாகின்றதாம்! ஆற்று நீர் கரையை அரிப்பது போல் நினைத்துக்கொண்டார்கள் போலும். ஒரு சதுர மில்லிமீட்டர் கனமுள்ள செம்புக் கம்பியில் ஒரு ஆம்பியர் மின்சாரம் செல்லும்போது எலெக்ட்ரான்கள் நகர்கின்ற வேகம் வினாடிக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதுவும் பாட்டின் மின்சாரம் ஒரே திசையில் போவதல்ல. வினாடிக்குப் பலமுறை முன்னும் பின்னும் திரும்புவது. ஆகையால் எலெக்ட்ரான்கள் ஒரு மயிர்க் கனங்கூட நகராமல் நின்ற இடத்திலேயே ஊசலாடிக்கொண்டிருக்கின்றன. இதற்குப் பாதை எதற்கு? பழக்கம் எதற்கு?

இன்னொன்று கேட்கின்றோம். கம்பி பழகுமானால் உலகத்திலுள்ள டெலிபோன் கம்பிகளெல்லாம் எத்தனை வருஷமாகப் பழகியிருக்க வேண்டும்? அதில் பேசுகிறவர்கள் குரல் ஏன் வருஷா வருஷம் இனிமைப்படவில்லை? வியாதியஸ்தரின் இதயத் துடிப்பை எழுதுகின்ற கருவிக்குக் கம்பி மாற்றினால், 200 மணி நேரம் போனபிறகு வாருங்கள் என்று எந்த டாக்டராவது சொல்லுகின்றாரா? உயிர் போகின்ற இடத்தில் பழக வேண்டாத கம்பி, பாட்டுக் கேட்கின்ற இடத்தில் மாத்திரம் ஏன் பழக வேண்டும்?

செருப்பும் காலும்

புதுச் செருப்பு கடிக்கும். பத்து நாள் போனால் கடிப்பதில்லை. செருப்புப் பழகிவிட்டது என்கின்றோம். ஆனால் பழகியது செருப்பு மாத்திரமா? காலும் காய்த்துப் போகவில்லையா? செருப்பாவது ஒரு பங்கு, கால் ஒரு பங்கு என்று பிரித்துக்கொள்ளலாம். இந்தக் கருவிகள் விஷயத்தில் பெரும் பங்கு யாருடையது என்பதே கேள்வி.

மனிதனுடைய மனம் பழகும் என்பதற்கு ருஜு வேண்டுமா? 1968-ல் ராபர்ட் சயான்ஸ் என்னும் அமெரிக்க மனோதத்துவ ஆசிரியர் அர்த்தமில்லாத சொற்களையும், பார்ப்பவர்கள் படிக்கத் தெரியாத எழுத்துக்களையும் சிலவற்றை ஒரு தடவை, சிலவற்றைப் பல தடவை என்று காட்டிக் கேட்டார். அதிக தடவை பார்த்தவைகளுக்கே மக்கள் நல்ல அர்த்தம் கற்பித்தார்கள். எழுத்து ஒன்றும் மாறவில்லை. பார்த்தவன்தான் மாறினான்.

காது தனியாக வேலை செய்வதுமில்லை. 1976-ல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் என்னும் இருவர் ஒரு பரீட்சை வெளியிட்டார்கள். படத்தில் தெரிகின்ற வாய் "கா" என்று அசைகின்றது. அதனுடன் ஒலிப்பதோ "பா". பார்த்தவர்களில் மிகப் பெரும்பாலோர் காதில் விழுந்தது "டா"! கண்ணை மூடிக்கொண்டால் "பா" என்று சரியாகக் கேட்டது. கண் பார்த்ததைக் காது கேட்டதாகச் சாதிக்கின்றது. இதில் பொய் சொல்லுகிறவன் யாருமில்லை. மனித உறுப்பின் அமைப்பே அது.

ஒலிபெருக்கியிலேயே இதைப் பார்த்துவிட்டார்கள். 1994-ல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்னும் ஆராய்ச்சிக்காரர்கள், தங்கள் ஒலிபெருக்கிக் கம்பெனியிலேயே வேலை செய்கின்ற 40 பேரை உட்காரவைத்து நான்கு விதப் பெட்டிகளுக்கு மார்க்குப் போடச் சொன்னார்கள். பெட்டி கண்ணுக்குத் தெரிந்தபோது பெரிய, விலையுயர்ந்த பெட்டிகளுக்கு மார்க்கு ஏறிற்று; சிறிய, மலிவான பெட்டிக்கு இறங்கிற்று. திரை கட்டி மறைத்ததும் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. பெட்டியும் அதுவே, பாட்டும் அதுவே, காதும் அதுவே. நடுவில் தொங்கினது ஒரு துணி. அந்தத் துணி எதை மறைத்தது? ஓசையையா, விலைச் சீட்டையா?

மேலும், ஓசையைப் பற்றிய நுட்பமான ஞாபகம் சில வினாடிகளில் மங்கிவிடுகின்றது. அப்படியிருக்க, மூன்று மாதத்திற்கு முன் கேட்ட ஓசையையும் இன்று கேட்கின்ற ஓசையையும் ஒப்பிட்டு, "மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்" என்று ஒருவர் சொன்னால், அவர் எதை எதோடு ஒப்பிடுகின்றார்? நேற்று வைத்த குழம்பில் உப்பு எத்தனை கல் என்பதை இன்று நாக்கால் சொல்ல முடியுமா?

நல்லவர்களும் ஏமாறுவார்கள்

இதைச் சொன்னால், "அப்படியானால் எங்களைப் பொய்யர் என்கின்றீர்களா?" என்று கோபிக்கின்றார்கள். இல்லவே இல்லை. 1903-ல் பிரான்சு தேசத்து நான்சி நகரத்தில் ப்ளாண்ட்லோ என்னும் விஞ்ஞான ஆசிரியர் புதுவிதக் கதிர் ஒன்றைக் கண்டுபிடித்ததாக அறிவித்து, தம் ஊரின் பெயரால் அதற்கு "என்-கதிர்" என்று பெயரும் இட்டார். அவர் பேர்பெற்ற ஆராய்ச்சிக்காரர், புரட்டர் அல்லர். இருட்டறையில் மங்கலான ஒரு பொறி சற்றுப் பிரகாசமாவதைக் கண்ணால் பார்ப்பதுதான் அதற்கு அத்தாட்சி. வேறு பலரும் நாங்களும் கண்டோம் என்று எழுதினார்கள். 1904-ல் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் வுட் அங்கே போனார். கதிரைப் பிரிப்பதற்காக வைத்திருந்த அலுமினியப் பட்டகத்தை இருட்டில் ஒருவருக்கும் தெரியாமல் எடுத்துவிட்டார். எடுத்த பிறகும் கதிர் இன்ன இன்ன இடத்தில் விழுகின்றதென்று முன்போலவே அளவு வாசிக்கப்பட்டது! வுட் இதைப் பத்திரிகையில் எழுதினார். என்-கதிர் அதோடு அழிந்தது.

அங்கே யாரும் பொய் சொல்லவில்லை. எதிர்பார்த்ததைக் கண்டார்கள், அவ்வளவுதான். பல வருஷம் விஞ்ஞானம் படித்தவரின் கண்ணே அவரை ஏமாற்றுமானால், 40,000 ரூபாய் கொடுத்துவிட்டு, அது வீணாகவில்லை என்று கேட்கத் துடித்துக்கொண்டிருக்கின்ற நம் நண்பரின் காது அவரை ஏமாற்றுவது அதிசயமா?

ஏன் எப்போதும் நன்மையே நடக்கின்றது?

இந்த நம்பிக்கையின் சாயம் வெளுக்கின்ற இடம் ஒன்று உண்டு. தேய்மானமும் இளக்கமும் குருட்டுச் சங்கதிகள். அவைகளுக்கு நல்லது கெட்டது தெரியாது. பத்து இயந்திரம் ஓடினால் ஐந்து மேலாகலாம், ஐந்து கீழாகலாம். ஆனால் இந்தக் கருவிகளோ, பழகப் பழக எல்லாம் நன்மையாகவே ஆகின்றனவாம். "200 மணிக்கு முன் இனிமையாக இருந்தது, பழக்கியதால் கெட்டுப் போய்விட்டது, பணத்தைத் திருப்பிக் கொடு" என்று எவராவது கடைக்குப் போனதை நாம் கேட்டதில்லை. துணியும் இனிமையை நோக்கியே இளகுகின்றது. செம்பும் இனிமையை நோக்கியே பழகுகின்றது. வால்வும் கண்டென்சரும் அப்படியே! வாங்கியவனுக்குத் திருப்தி உண்டாக வேண்டும் என்று உயிரற்ற சாமான்களெல்லாம் கூடி மகாநாடு நடத்தித் தீர்மானம் செய்துகொண்டனவா? ஒரே திசையில் போகின்ற ஒன்று இருக்கின்றதென்றால், அது வாங்கியவனுடைய மனமேயல்லாமல் வேறல்ல.

யாருக்கு லாபம்?

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு நாளைக்கு 2 மணி நேரம் பாட்டுக் கேட்கிறவனுக்கு 200 மணி ஆக 100 நாள் ஆகும். பிடிக்காத சாமானைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்காரர்கள் கொடுக்கும் தவணையோ 7 நாள், 10 நாள், மிஞ்சினால் 30 நாள். ஆகவே "பழகட்டும்" என்கின்ற ஒரு சொல், வாங்கியவனுடைய ஆட்சேபணை உரிமையை ஓசைப்படாமல் பறித்துவிடுகின்றது. 100 நாளில் ஒன்று அவன் காது பழகிவிடும். அல்லது தவணை முடிந்துவிடும். எப்படியும் பணம் கடைக்காரரிடம் தங்கிவிடும். அதற்குப் பிறகும் முணுமுணுத்தால், "உங்கள் கம்பி சரியில்லை" என்று அடுத்த சரக்கை எடுத்து நீட்டலாம்.

பலிக்காத தாயத்தைத் திருப்பிக் கொண்டுபோனால், "48 நாள் விரதம் சரியாக இருந்தீரா?" என்று கேட்கின்றவனுக்கும் இவருக்கும் என்ன பேதம்? பலித்தால் சரக்கின் மகிமை. பலிக்காவிட்டால் வாங்கியவனுடைய பொறுமைக் குறைவு!

கடைக்காரர்கள் எல்லோரும் தெரிந்தே செய்கின்றார்கள் என்று நாம் சொல்லவில்லை. அநேகர் தாங்களே நம்புகின்றார்கள். ஆனால் நம்பிக்கையால் லாபம் அடைகிறவனுக்கு அதைப் பரீட்சித்துப் பார்க்கின்ற கடமை மற்றவர்களைவிட அதிகம்.

"தங்கக் காது"

பெரிய மானக்கேடான விஷயம் இனிமேல்தான் வருகின்றது. "எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லையே" என்று ஒருவன் சொன்னால், "உனக்கு அந்தக் காது இல்லை" என்கின்றார்கள். இவர்களுக்குள் "தங்கக் காது" என்று ஒரு பட்டமே உண்டு. அந்தக் காதுள்ளவர் கேட்டதாகச் சொன்னால் கேட்டதுதான். மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. பாமரன் தன் காதை நம்பக்கூடாது, தன் சந்தேகத்தை நம்பக்கூடாது, மேலானவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு பணத்தை மாத்திரம் எண்ண வேண்டும். தோழர்களே! இந்த மாதிரிப் பேச்சை நாம் வேறு எங்கெங்கே கேட்டிருக்கின்றோம் என்பதை உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுமா?

நுட்பமான காதுடையவர்கள் இருக்கலாம். சுருதி பேதத்தை ஒரு நொடியில் பிடிக்கின்ற வித்துவான்களை நாம் அறிவோம். ஆனால் அவர்களுடைய மேன்மை பரீட்சையில் நிற்பது. தம்பூராவை அரை மாத்திரை இறக்கிவிட்டு அவரைக் கேட்டால், பார்க்காமலே சொல்லுவார். தங்கக் காதுக்காரர்களைப் பரீட்சைக்கு அழைத்தால் என்ன நடக்கின்றது? புதுவித உயர்ந்த பதிவுத் தட்டின் ஓசை சாதாரண சி.டி. அளவுக்குக் குறைத்த ஓசையைவிட மேலானது என்று ஒரு வாதம் இருந்தது. அமெரிக்காவில் மேயர், மோரன் என்னும் இருவர் 2007-ல் வெளியிட்ட பரீட்சையில், எது எதுவென்று தெரியாமல் 554 தடவை கேட்டுச் சொன்னதில் சரியானவை 276. காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்திருந்தாலும் இவ்வளவு கிடைத்திருக்கும். கேட்டவர்களில் ஒலிப்பதிவுத் தொழில் செய்கிறவர்களும் இருந்தார்கள். அதே 2007-ல், பித்தலாட்டங்களை வெளிப்படுத்தி வந்த ஜேம்ஸ் ராண்டி என்பவர், ஆயிரக்கணக்கான டாலர் விலையுள்ள கம்பியைச் சாதாரணக் கம்பியிலிருந்து பார்க்காமல் கேட்டுப் பிரித்துக் காட்டினால் 10 லட்சம் டாலர் தருவதாக அழைத்தார். பேச்சுவார்த்தை நடந்தது, பரீட்சை நடக்கவில்லை. 2015-ல் அந்தப் பரிசுத் திட்டம் முடிகின்ற வரையில் ஒருவரும் அந்தப் பணத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

சில சமாதானங்களும் பதில்களும்

"என் காதால் நானே கேட்டேன், இதைவிட அத்தாட்சி என்ன வேண்டும்?" என்கின்றார்கள். சூரியன் கிழக்கே எழுந்து மேற்கே போவதையும் நாம் கண்ணாலேயேதான் பார்க்கின்றோம்.

"காது கேட்பதையெல்லாம் கருவி அளக்காது" என்கின்றார்கள். சரி, கருவி வேண்டாம். காதே போதும். கண்ணை மாத்திரம் மறைத்துக்கொள்ளுங்கள் என்றால் ஏன் மறுக்கின்றீர்கள்? காதை நம்புகிறவர்கள் நாமா, நீங்களா?

"பரீட்சை என்றால் மனம் பதறுகின்றது, நுட்பம் தெரியாமல் போகின்றது" என்கின்றார்கள். அப்படியானால் உங்கள் வீட்டிலேயே, உங்கள் நாற்காலியிலேயே, ஒரு மாதம் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு கேளுங்கள். எது எதுவென்று மாத்திரம் தெரியாமலிருக்கட்டும். நேற்று வரை மலைக்கும் மடுவுக்குமாக இருந்த வித்தியாசம், இன்று ஒரு துணி தொங்கியவுடன் பதற்றத்தில் ஓடிவிடுமானால் அது மலையுமல்ல, மடுவுமல்ல.

"நம்பினால் என்ன நஷ்டம்? திருப்தி கிடைக்கின்றதே" என்கின்றார்கள். நஷ்டம் உண்டு. பிடிக்காத சாமானைத் திருப்பிக் கொடுக்க முடியாமற் போவது பண நஷ்டம். ஆளில்லா அறையில் இராப்பகலாகப் பாட்டை ஓடவிடுவது மின்சார நஷ்டம். எல்லாவற்றிலும் பெரியது, காரணம் கேட்காமல் ஒப்புக்கொள்கின்ற வழக்கம் மனதில் ஊறிப்போகின்ற நஷ்டம்.

பரீட்சை இதுதான்

வாதத்தை நிறுத்திக் காரியத்திற்கு வருவோம். ஒரே மாதிரியான இரண்டு ஜோடி ஹெட்போனோ பெட்டியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே தொழிற்சாலையில் செய்த இரண்டு சாமானும் பிறவியிலேயே சற்று வேறுபடக்கூடும். ஆகையால் முதல் நாளே இரண்டையும் ஒத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றை அட்டைப்பெட்டியில் மூடி வையுங்கள். மற்றொன்றை 200 மணி, வேண்டுமானால் 500 மணி நேரம் பழக்குங்கள். பிறகு இரண்டின் உரப்பும் ஒரே அளவாக இருக்கும்படி மீட்டரால் அளந்து வையுங்கள். ஏனெனில் சிறிது உரத்துக் கேட்பதை மேலானதாக நினைப்பது காதின் சுபாவம். பெட்டியானால் இரண்டையும் திரைக்குப் பின்னால் ஒரே இடத்தில் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். ஹெட்போனானால் கேட்கிறவரின் கண்ணைக் கட்டி வேறொருவர் மாட்டிவிட வேண்டும். மெத்தை புதிதா பழையதா என்று தடவிப் பார்க்க இடம் கொடாமல் இரண்டிற்கும் ஒரே மாதிரி மெத்தை போட வேண்டும். மாற்றுகிறவர் ஒவ்வொரு தடவையும் காசைச் சுண்டிப் பார்த்து மாற்றட்டும். அவரும் வாய் திறக்கக் கூடாது. கேட்கிறவர் முகத்தைப் பார்க்கவும் கூடாது.

இப்படி 16 தடவை. "இது பழகியது, இது பழகாதது" என்று கேட்கிறவர் சொல்லட்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே 8 சரியாக வரும். 12-ம் அதற்கு மேலும் சரியாக வருவது, குருட்டாம்போக்கில் 100 தடவைக்கு 4 தடவைதான் நேரும். ஆகையால் 12-க்கு மேல் ஒருவர் சொன்னால் மறுநாளும் ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள். அப்போதும் சொன்னால் அவர் கேட்டது உண்மை. நாம் தோற்றோம் என்று இந்தப் பத்திரிகையில் எழுதுவதற்கு நமக்கு வெட்கமில்லை. ஏனெனில், பழகவே பழகாது என்பது நமது மதமல்ல. பரீட்சித்துப் பார்த்தபின் ஒப்புக்கொள்வதே நமது கொள்கை.

இதற்குச் செலவு அதிகமில்லை. பத்து நண்பர்கள் சேர்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். இத்தனை பழக்கும் பதிவுகளும், பழக்கும் இயந்திரங்களும் விற்கின்றவர்கள் தங்கள் விளம்பரத்திற்குப் பக்கத்திலேயே இப்படிப்பட்ட ஒரு பரீட்சையின் முடிவையும் அச்சிட்டால் நமது வாயை ஒரே நாளில் அடைத்துவிடலாமே! ஏன் அச்சிடக் கூடாது என்று கேட்கின்றோம்.

அதுவரையில் வாங்குகின்ற தோழர்களுக்கு நாம் சொல்லுவது இவ்வளவுதான். சாமானை வாங்கிய முதல் வாரத்திலேயே நன்றாகக் கேளுங்கள். பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் தவணைக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "பழகட்டும்" என்று கடைக்காரர் சொன்னால், "நல்லது. பழகுகின்ற வரையில் திருப்பிக் கொள்ளும் தவணையையும் நீட்டி எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். பெட்டி பழகும் என்பதில் அவருக்கு உண்மையான நம்பிக்கை இருக்குமானால் எழுதிக் கொடுக்கத் தயங்கமாட்டார். தயங்கினால், அவர் நம்பியிருப்பது பெட்டி பழகுவதையல்ல, நீங்கள் பழகிப் போவதைத்தான் என்பதை அறிந்துகொள்ளுங்கள்.